ஒன்பது அடி இறங்கிய ஏரி

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. ஆனா அமெரிக்கப் பயணக் கட்டுரை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு வந்திருக்கு" என்று மலர்க்குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே இது பயணக் கட்டுரை அல்ல. நான் குடியிருக்கும் ஊரின் பழைய கதை. சிவில் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் காலம் தள்ளுகிற ஒருவன், தான் படித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஊரின் பெயர் பெல்வியூ. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்துக்குக் கிழக்கே உள்ள புறநகர். (தலைநகர் வாஷிங்டன் வேறு. எங்கள் அத்தைக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை.) மேற்கே லேக் வாஷிங்டன் என்ற பெரிய ஏரி, கிழக்கே லேக் சமாமிஷ் என்ற சின்ன ஏரி, இரண்டுக்கும் நடுவே ஊர். அதற்கும் கிழக்கே காஸ்கேட் மலைத்தொடர். வானம் வெளுத்த நாளில் தெற்கே 14,410 அடி உயர ரெய்னியர் மலை பனிக்குல்லாவோடு தெரியும். அன்றைக்கு ஆபீசில் எல்லோரும் "மலை வெளியே வந்திருக்கு" என்பார்கள், ஏதோ தேர் நிலையைவிட்டுக் கிளம்பினதுபோல.

சில வருஷங்களுக்கு முன் அப்பா வந்திருந்தார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். எல்லோரும் தண்ணீரையும் மலையையும் பார்த்து போட்டோ எடுக்கிற இடம். அப்பா தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தார்.

"இந்த நிலமெல்லாம் முதல்ல யார் பேர்ல இருந்துச்சு?"

"தெரியலப்பா."

"வீடு வாங்கியிருக்கே. மூலப்பத்திரம் பார்க்கலையா?"

அதற்கெல்லாம் இங்கே தனிக் கம்பெனி உண்டு, அவர்களே வில்லங்கம் பார்த்துவிடுவார்கள் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. "கம்பெனி முப்பது வருஷம் பார்க்கும். அதுக்கு முன்னாடி?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஊர் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

மூலப்பத்திரம் என்று எடுத்தால் முதல் பெயர் பனி. சுமார் 17 ஆயிரம் வருஷங்களுக்கு முன் வடக்கே கனடாவிலிருந்து இறங்கிய பனிப்பாளம் இந்த இடத்தில் மூவாயிரம் அடி கனத்துக்கு நின்றது. அது உழுதுவிட்டுப் போன சால்கள்தான் இந்த ஏரிகள். லேக் வாஷிங்டன் வடக்கு தெற்காக 22 மைல் நீளம், ஆழமான இடத்தில் 200 அடிக்கு மேல். அடியில் பாறை கிடையாது, சேறு. இந்தச் சேற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாலம் கட்டும்போது தேவைப்படும்.

இன்னொன்றும் அடியில் உண்டு. ஊரை ஒட்டிக் கிழக்கு மேற்காக சியாட்டில் பிளவு என்று ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. அதில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஏரி நடுவே உள்ள மெர்சர் தீவின் சரிவுகள் காட்டோடு பெயர்ந்து, மரங்கள் நின்றது நின்றபடி தண்ணீருக்குள் போய்விட்டன. மூழ்கிய மரங்களின் வளையங்களை எண்ணி, அது 923ஆம் ஆண்டு கடைசியிலோ 924 தொடக்கத்திலோ நடந்தது என்று 2023இல் ஒரு ஆய்வு சொன்னது. நம் ஊரில் முதலாம் பராந்தக சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம். ஆயிரத்து நூறு வருஷமாக அந்த மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை.

பனி போனபின் வந்தவர்கள் டுவாமிஷ் மக்கள். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் நீண்ட மரவீடுகள் கட்டி, சால்மன் மீனை நம்பி வாழ்ந்தவர்கள். அப்போது ஏரியின் வடிகால் தெற்கே இருந்தது. இன்றைக்கு ரென்டன் என்று சொல்கிற இடத்தில் பிளாக் ரிவர் என்ற ஆறு ஏரியிலிருந்து கிளம்பி, டுவாமிஷ் ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகும். கடலிலிருந்து மீன் ஏறி வந்த வழியும் அதுதான். 1855 ஜனவரியில் பாயின்ட் எலியட் என்ற இடத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்திட்ட தலைவர்களில் முதன்மையானவர் சியால்ட். அவர் பெயரைத்தான் சியாட்டில் நகரத்துக்கு வைத்திருக்கிறார்கள். டுவாமிஷ் மக்களுக்கென்று தனி நிலம் ஒதுக்கப்படவே இல்லை. தனிப் பழங்குடி என்ற மத்திய அரசின் அங்கீகாரம் 2001 ஜனவரியில் கைக்கு எட்டியது போல வந்து, அதே வருஷம் மறுக்கப்பட்டது. நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் நிலைமை இது.

ஏரிக்கு வாஷிங்டன் என்று பெயர் சூட்டியது 1854இல், தாமஸ் மெர்சர் என்ற குடியேறி. பக்கத்தில் இருந்த இன்னொரு சிறு ஏரிக்கு லேக் யூனியன் என்று வைத்தார். பெரிய ஏரியையும் கடலையும் என்றாவது ஒருநாள் இந்தச் சிறு ஏரி இணைக்கும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். அந்த ஒருநாள் வர 62 வருஷம் ஆனது.

நடுவில் உள்ளதைச் சீக்கிரமாகத் தாண்டிவிடுகிறேன். 1860களில் பக்கத்து நியூகாசில் மலையில் நிலக்கரி கிடைத்தது. 1869இல் சியாட்டில் பேக்கரிக்காரர் வில்லியம் மெய்டன்பாவர், இன்று அவர் பெயரில் இருக்கும் குடாவின் கரையில் நிலம் பிடித்தார். மரம் வெட்டினார்கள். நூறு நூற்றைம்பது அடி மரங்கள். வெட்டியபின் மிஞ்சியது கட்டைவேர்கள் நிறைந்த மேடு, யாருக்கும் வேண்டாத நிலம்.

இனி நம் துறைக்கு வருவோம்.

கரியையும் மரத்தையும் ஏரியிலிருந்து நேரே கடலுக்குக் கப்பலில் கொண்டுபோக வேண்டும். கால்வாய் வெட்டலாம். சிக்கல் என்னவென்றால், லேக் வாஷிங்டனின் மட்டம் லேக் யூனியனைவிட ஏறக்குறைய 9 அடி உயரம். இரண்டு இடத்தில் பூட்டுமதகு கட்டிக் கப்பலை ஏற்றி இறக்கலாம். அல்லது பெரிய ஏரியையே கீழே இறக்கி, இரண்டையும் ஒரே மட்டமாக்கி, கடல் பக்கம் மட்டும் ஒரே இடத்தில் மதகு வைக்கலாம். ராணுவப் பொறியாளர் ஹிராம் சிட்டென்டன் இரண்டாவதை முன்வைத்தார். 88 சதுர கிலோமீட்டர் ஏரியை 9 அடி இறக்குவது. மூன்றாம் செமஸ்டர் நீரியல் பாடம் ஞாபகம் இருக்கிறவர்கள் கன அளவைப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு எண்பத்தைந்து கோடிக் கன அடி சொச்சம் என்று முதலில் வந்தது. அப்பா திரும்பப் போட்டு, "ஒரு சைபர் விட்டுட்டே" என்றார். எண்ணூற்று ஐம்பது கோடிக்குக் குறையாது.

1916 ஆகஸ்ட் கடைசியில் மான்ட்லேக் என்ற இடத்தில் கரையை உடைத்துவிட்டார்கள். மூன்று மாதம் ஏரி வடிந்தது. மதகுகளின் அதிகாரபூர்வத் திறப்பு விழா 1917 ஜூலை 4. சிட்டென்டன் அப்போது நோயாளி. அதே அக்டோபரில் இறந்துபோனார். மதகுகளுக்கு அவர் பெயர் 1956இல்தான் வந்தது.

பொறியியல் என்று பார்த்தால் அழகான வேலை. இன்றைக்கும் அந்த மதகுகள் இயங்குகின்றன. ஆனால் தெற்கே என்ன ஆச்சு? ஏரி மட்டம் இறங்கியதும் பிளாக் ரிவரின் வாய் மேட்டில் நின்றுவிட்டது. அதில் கலந்துகொண்டிருந்த சீடர் ஆற்றை, வெள்ளத் தொல்லைக்காக, 1912லேயே ஏரிப் பக்கம் திருப்பியிருந்தார்கள். தண்ணீர் வர இரண்டு வழியும் அடைபட்டால் ஆறு என்ன செய்யும்? வற்றிப்போனது. மீன்கள் குட்டைகளில் சிக்கித் துடித்தன. அந்த ஆற்றங்கரையில் மிச்சமிருந்த டுவாமிஷ் குடும்பங்கள் ஆறு போனபின் சிதறிப் போயின. ஒரு ஆற்றையே வரைபடத்திலிருந்து எடுத்த திட்டம் இது. ரென்டனில் அந்தப் பெயரில் இன்று கொஞ்சம் நீளத்துக்கு ஒரு ஓடை இருக்கிறது. அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இறங்கின நிலம் யாருக்குப் போச்சு?" என்றார் திரும்பும்போது. நம் ஊரில் என்றால் ஏரிப் புறம்போக்கு. இங்கே பல இடங்களில் கரைக்காரர்களின் தோட்டம் நீண்டது, சில இடங்கள் பூங்காவாயின, சில சதுப்பாகவே கிடந்தன. பெல்வியூவில் மெர்சர் ஸ்லூ என்ற உப்பங்கழி போன்ற நீர்வழியில் முன்பு படகு போகும், மரம் மிதக்கவிடுவார்கள். தண்ணீர் இறங்கியதும் அது சேற்று ஓடையானது. இன்று பெரிய சதுப்புப் பூங்கா. எங்கள் வீட்டுப் பெண் வாத்து எண்ணக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இழந்தவர்கள் இருந்தால் வந்தவர்களும் இருப்பார்கள். கால்வாய் திறந்த பிறகு 1919 வாக்கில் ஒரு திமிங்கில வேட்டைக் கம்பெனி தன் கப்பல்களை மெய்டன்பாவர் குடாவுக்குக் கொண்டுவந்தது. உப்புத் தண்ணீரில் கப்பல் அடியில் ஒட்டும் கொட்டலசிகளும் மரத்தைத் துளைக்கும் புழுக்களும் நன்னீரில் செத்துப்போகும். குளிர்காலம் முழுக்க இங்கே நிறுத்திவிட்டுக் கோடையில் அலாஸ்கா பக்கம் வேட்டைக்குப் போவார்கள். இன்று ஒவ்வொன்றும் பல கோடி விலையுள்ள படகுகள் நிற்கிற இடம் அது.

இனி சொல்லப்போவதுதான் என் வீட்டுப் பத்திரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

மரம் வெட்டிப்போட்ட அந்தக் கட்டைவேர் நிலத்தைப் பண்படுத்தியவர்கள் ஜப்பானியக் குடியேறிகள். குத்தகைக்கு எடுத்து, வேரைத் தோண்டி, வெடி வைத்துப் பெயர்த்து, ஸ்ட்ராபெரியும் காய்கறியும் போட்டார்கள். பெல்வியூ ஸ்ட்ராபெரிக்குப் பெயர் வந்தது. 1925இல் ஊர் ஸ்ட்ராபெரித் திருவிழா தொடங்கியது. ஏரி தாண்டி ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்.

அந்தப் பழத்தை விளைவித்தவர்களுக்கு நிலம் சொந்தமாக முடியாது. ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் ஆக அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. குடிமகன் ஆக முடியாதவர் நிலம் வாங்கக் கூடாது, குத்தகைக்குக்கூட எடுக்கக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 1921இல் சட்டம் போட்டது. சிலர் இங்கே பிறந்த தங்கள் குழந்தைகள் பெயரில் வாங்கினார்கள். "மைனர் பேர்ல கிரயமா?" என்று அப்பா கேட்டார். 1923இல் அந்த வழியையும் நெருக்கினார்கள்.

இதை ஜப்பானியர் கதை என்று ஒதுக்கிவைக்க எனக்கு முடியவில்லை. 1923 பிப்ரவரி 19 அன்று பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர்களும் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946 வரை அதுதான் நிலைமை. நான் இன்னும் விசாவில் இருப்பவன். மகள் இங்கே பிறந்ததால் குடிமகள். வீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும் பதிவாகியிருக்கிறது. நூறு வருஷம் முன்னால் என்றால் இந்தத் தெருவில் ஒரு சென்ட் எனக்குக் கிடையாது.

அதே பிப்ரவரி 19, வருஷம் 1942. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்ற வழி செய்த ஆணை. மே மாதம், பழம் பறிக்கிற நேரம். பெல்வியூவின் சுமார் முந்நூறு பேரைப் பக்கத்து கிர்க்லண்டில் ரயிலேற்றி கலிபோர்னியாவின் பைன்டேல் முகாமுக்கும், பிறகு டூலி லேக் முகாமுக்கும் அனுப்பினார்கள். டூலி லேக் என்பது வற்றவைத்த ஓர் ஏரியின் படுகை. ஏரிக்கரையில் வாழ்ந்தவர்களை ஏரி இருந்த இடத்தில் அடைத்தார்கள். அந்த வருஷம் ஸ்ட்ராபெரித் திருவிழா நடக்கவில்லை. போர் முடிந்து திரும்பி வந்தவை சில குடும்பங்களே.

இதற்குள் நிலத்தின் மதிப்பு மாறிவிட்டிருந்தது. காரணம் பாலம். அடியில் சேறு என்றேன் அல்லவா? அந்த ஆழத்தில் தூண் நாட்ட முடியாது. ஹோமர் ஹாட்லி என்ற பொறியாளர் 1920களிலேயே, உள்ளே காலியான கான்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டு மேலே சாலை போடலாம் என்றார். கான்கிரீட் மிதக்குமா என்று சிரித்தார்கள். 1940 ஜூலை 2 அன்று அந்தப் பாலம் திறந்தது. ஐம்பது வருஷம் மிதந்தது. 1990 நவம்பரில் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது மிதவைகளில் திறப்புகளைத் திறந்தே வைத்திருக்க, நாலு நாள் மழையில் தண்ணீர் புகுந்து, டிவியில் ஊரே பார்க்க மூழ்கியது. டிசைன் தப்பவில்லை, சைட்டில் தப்பியது. நம்மில் சைட் இன்சினியராக இருப்பவர்கள் கவனிக்க. 1993இல் திரும்பக் கட்டினார்கள். இப்போது மிதக்கும் பாலத்தின்மேல் ரயில் தண்டவாளமே போட்டிருக்கிறார்கள்.

பாலம் வந்ததும் சியாட்டில் இருபது நிமிஷம். 1946இல் பெல்வியூ ஸ்கொயர் என்ற பெரிய கடைத்தொகுதியைக் கட்டியவர் கெம்பர் ஃப்ரீமன். அவர் தந்தை மில்லர் ஃப்ரீமன் ஜப்பானியர் எதிர்ப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர், பாலத்துக்காகவும் பாடுபட்டவர். பழத்தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. 1953இல் ஊர் நகரமாகப் பதிவானபோது சுமார் ஆறாயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் 1,51,854 பேர், அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஆசிய வம்சாவளியினர். அந்த நிலச் சட்டம் 1966இல்தான் முழுதாக நீங்கியது. முகாமில் இருந்து உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20 ஆயிரம் டாலரும் மன்னிப்பும் தர 1988இல் சட்டம் வந்தது.

ஆறாயிரம் பேர் வந்தால் ஆறாயிரம் பேரின் சாக்கடையும் வரும். 1950களில் ஏரியைச் சுற்றிச் சுமார் பத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள். எல்லாம் முறைப்படி சுத்தம் செய்து, தெளிந்த தண்ணீரை ஏரியில் விட்டன. 1955இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட்சனும் அவர் மாணவர்களும் ஏரி நீரில் ஆசிலட்டோரியா என்ற பாசியைக் கண்டார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரி கெடத் தொடங்கியபோது அங்கே தோன்றிய அதே பாசி. சுத்திகரிப்பில் கிருமி போகும், நாற்றம் போகும், பாஸ்பரஸ் போகாது. பாசிக்கு அதுதான் உரம் என்று எட்மண்ட்சன் கணக்கோடு சொன்னார். இந்த ஒரு விஷயம் மட்டும் நம் பரீட்சைக்கு வந்தது, நானும் எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்தேன்.

ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வக்கீல், எல்லா ஊர்களும் சேர்ந்து ஒரே கழிவுநீர் அமைப்பு வேண்டும் என்று கிளம்பினார். 1958 மார்ச்சில் ஓட்டுக்கு விட்டார்கள். சியாட்டில் ஒப்புக்கொண்டது, புறநகர்கள் தோற்கடித்தன. எங்கள் வரிப்பணம் எதற்கு என்ற கேள்விதான். அந்தக் கோடையில் குளிக்கிற கரைகளை மூட வேண்டி வந்தது. செப்டம்பரில் திட்டத்தைச் சுருக்கி மறுபடி கேட்டார்கள், ஜெயித்தது. வேலை நடக்கும்போதே ஏரி இன்னும் கெட்டது. உச்சத்தில் நாளொன்றுக்கு 2 கோடி காலன் கழிவுநீர் விழுந்தது. பத்திரிகைகள் 'நாற்ற ஏரி' என்று எழுதின. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஒரு மீட்டருக்குக் கீழே தெரியாது. 1963இல் தொடங்கி 1968க்குள் கழிவுநீர் முழுவதையும் குழாய் வைத்து ஏரியிலிருந்து திருப்பினார்கள். எட்மண்ட்சன் எதிர்பார்த்ததைவிடவும் வேகமாக ஏரி தெளிந்தது. 1976க்குப் பிறகு தட்டு ஏழு மீட்டர் ஆழத்திலும் தெரிந்தது.

திருப்பிய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஒரு பகுதி கடலுக்கு. ரென்டன் நிலையத்தின் தண்ணீர் 1987 வரை டுவாமிஷ் ஆற்றுக்கு. ஆமாம், அதே டுவாமிஷ்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அப்பா ஏரியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க காலேஜ் ஹாஸ்டலுக்குப் பின்னால ஒரு ஏரி இருந்துச்சே, உன்னைச் சேர்க்க வந்தப்ப பார்த்தேன். அதுல யார் தண்ணி விழுது?" என்றார். நாலு வருஷம் அதன் கரையில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். பந்து விழுந்தால் இறங்கமாட்டோம், அவ்வளவு நுரை. நம் மெஸ்ஸின் தண்ணீர் எங்கே போகிறது என்று சிவில் படித்த அறுபது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் காலத்தில் சர்வே லேப் பீரோவில், மேல்தட்டில், அந்த ஏரியின் பழைய எஃப்.எம்.பி. வரைபடம் ஒன்று துணியில் ஒட்டி மடித்து வைத்திருந்தது. கரை எதுவரை என்று அதில் அளவோடு இருக்கும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது பீரோவைத் திறந்தால், அது இருந்தால், இரண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து மலர்க்குழு மூலம் எனக்கு அனுப்புங்கள். அப்பா போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறார்.